மாமனாரின் இடது விளக்கு

பனை நின்ற காலத்தில் ஒத்தப்பனை என்று பேர் வைத்து, பனை பட்டுப்போய் மூன்று தலைமுறை கழிந்த பிறகும் பேரை மட்டும் பட்டுப்போகாமல் வைத்திருக்கிற எங்கள் கரிசல்காட்டு ஊரில், பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் காலை, தலையில் தண்ணீர்க் குடத்தோடு தெருவைக் கடந்துபோன குருவம்மாளின் நிழல் அவளோடு வீடு போய்ச் சேராமல் தெருவிலேயே தங்கிவிட்டது. பிறவியிலிருந்து அவளுக்கு உள்ள நிழல் அவள் காலோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. தங்கியது இரண்டாவது, தலையில் குடமும் இடுப்பில் ஊன்றிய கையுமாக, மேற்கே தலைவைத்துப் புழுதியில் நீட்டிப் படுத்திருந்தது. டீக்கடை நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு அதற்குள் சுருண்டுகொண்டது. சேதி கேட்டுத் திரும்பி வந்த குருவம்மாள் நாயை விரட்டிப் பார்த்தாள், முந்தானையால் தட்டிப் பார்த்தாள், குடத்துத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தாள். நிழல் நனைந்ததே தவிர எழுந்திருக்கவில்லை. வெயிலுமுத்து அண்ணன்தான் தன் மேல் லைட்டை அடித்தார் என்றும், அவரே வந்து எடுத்துக் கொடுக்கட்டும் என்றும், தான் தெருவில் கிடக்கிற பொம்பளை இல்லை என்றும் சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

வெயிலுமுத்து அடித்தது டிராக்டரின் முன்விளக்கு. மூடிப்போன ஒரு பஞ்சாலையின் ஏலத்தில் அவருடைய அப்பா எடுத்த வண்டி அது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். மூக்கு நீண்டு, முதுகு ஒடுங்கி, வலது விளக்கு என்றைக்கோ எருமை முட்டிக் குருடாகி, இடது விளக்கோடு மட்டும் காலந்தள்ளி வந்தது. ஊரில் எல்லோரும் அதை மாமனார் என்றுதான் சொல்வோம். காலையில் எழுப்புவதற்குள் ஆயிரம் உபசாரம் கேட்கும், கோபித்துக்கொண்டால் நடுக்காட்டில் உட்கார்ந்துவிடும், கை ஆக்சிலேட்டரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் மூச்சு விடும். வெயிலுமுத்து இருக்கையை விட்டு இறங்கிய நொடியில் அணைந்துபோகும். அந்த இருக்கையில் வேறு ஆள் உட்கார அவர் சம்மதித்ததில்லை. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்றிருந்த ஐம்பத்தெட்டு வயசு மனுசர், துணியை நனைத்து அதைத் துடைக்கும்போது மட்டும் ஊர் நடப்பு, மழை நடப்பு எல்லாவற்றையும் அதனிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் மனைவி ஆவுடைத்தாய் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே முப்பத்தோரு வருசம் சோறாக்கியிருந்தாள்.

மாமனாருக்கு ஆறு வோல்ட் பேட்டரி. பொங்கலுக்கு முளைப்பாரி வண்டியை இழுத்துக்கொண்டு போகையில் அது செத்துப்போயிற்று. டவுனில் எந்தக் கடையிலும் அந்தச் சாதி பேட்டரி இல்லை, காலம் போய்விட்டது என்றார்கள். வெயிலுமுத்து திரும்பி வரும்போது பொங்கல் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ செட்டுக்காரர் ஓரமாக வைத்திருந்த பன்னிரண்டு வோல்ட் பேட்டரி அவர் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்தில் உழவு மாட்டுக்கு வயசேற ஏறப் பருத்திக்கொட்டையைக் கூட்டித்தான் வைப்பார்கள். எளங்காளைக்கு ஒரு படி ஆட்டிக் கலக்கினால் கிழட்டு மாட்டுக்கு இரண்டு படி. அவர் அப்பா அப்படித்தான் மாட்டைக் கட்டி ஓட்டினார், அவரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார். வயசான வண்டிக்கு ஆறு பற்றாது, பன்னிரண்டு கொடுத்தால் எழுந்து நடக்கும் என்று அவருக்குத் தோன்றியதில் எங்கள் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. இரவல் வாங்கி மாட்டினார். மாமனார் ஒரே சொல்லில் எழுந்தார். சந்தோசத்தில் வெயிலுமுத்து எல்லா சுவிட்சையும் தட்டிப் பார்க்க, இடது விளக்கு, பட்டப்பகலில், வெயிலையே மங்கலாக்கிக்கொண்டு எரிந்தது. அந்த வெளிச்சத்துக்குள்தான் குருவம்மாள் குடத்தோடு நடந்துபோனாள்.

நிழல் எங்களுக்குப் பயமாக இல்லை. மரம் என்றால் சீமைக்கருவேலம், மேகம் என்றால் ஐப்பசியில் மட்டும், பகல் பதினோரு மணிக்கு மேல் கோழி கூடத் தன் நிழலில் தானே ஒண்டிக்கொண்டு நிற்கிற ஊரில் நிழல் அதிகப்பட்டது என்று யார் வருத்தப்படுவார்கள். அன்றைக்கு உச்சிப்பொழுதுக்குள் குருவம்மாளின் நிழலில் நாயோடு சேர்த்து நாலு ஆளும் ஒரு பால் சைக்கிளும் இடம்பிடித்திருந்தார்கள். நிழல் தரையில்தான் கிடந்தது. ஆனாலும் அதன் மேல் நின்றவர்களின் உச்சந்தலை வரைக்கும் வெயில் இறங்கவில்லை. வேப்பமரத்தடியில் ஈரச்சாக்கை விரித்துப் படுத்தது மாதிரி இருக்கிறது என்று பால்காரர் சொன்னார். சூரியன் மேற்கே சாய்ந்தும் அது நகரவில்லை, நீளவில்லை. சாயங்காலம் குருவம்மாளே வந்து ஓரமாக உட்கார்ந்து, தன் நிழலில் தானே கொஞ்ச நேரம் வெற்றிலை போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்து வந்த நாட்களில் எங்களுக்கு அதன் சட்டதிட்டமெல்லாம் பிடிபட்டது. ஒரு ஆளுக்கு ஒரு நிழல்தான்; இரண்டாம் தடவை விளக்கு முன் நின்றால் வெளிச்சம் வெறுமனே உரசிக்கொண்டு போய்விடும். விளக்குக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறோமோ அவ்வளவு அகலம், தள்ளி நின்றால் ஒடிசல். பிள்ளைகள் போட்ட நிழல் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தது. மாட்டின் நிழல் படுத்த இடத்திலேயே வாலை ஆட்டி ஈ ஓட்டியது. சீமைக்கருவேலத்தின் மேல் அடித்துப் பார்த்தோம். அந்த நிழலில் படுத்து எழுந்தவன் முதுகெல்லாம் கீறலோடு வந்து எங்களைத் திட்டினான். மனுச நிழல்தான் மெத்து. பெருத்த உடம்புக்காரர்களுக்கு ஊரில் அதுவரை இல்லாத மரியாதை வந்தது, ஒல்லியான ஆட்கள் விளக்கு முன்னால் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்து மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சி முறை எங்களுக்குப் பழக்கம் என்பதால், கோயில் முன்னால் கூடி, நிழலுக்கும் அதையே வைத்துக்கொண்டோம். அவரவர் நிழல் அவரவர் இஷ்டம், ஆனால் அடுத்தவர் புஞ்சையில் நிழலின் தலை போய் விழுந்தால் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலமில்லாதவர்கள் பொது இடத்தில் போடலாம். கர்ப்பிணியின் நிழல் இரண்டு பேருடையது, ஆகையால் பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பிள்ளை விளக்கு முன் நிற்க வேண்டியதில்லை. ரேசன் கடை வரிசைக்குப் பத்துப் பேர் கைகோத்து நின்று நீளமாக ஒரு நிழல் போட்டுக் கொடுத்தார்கள். கல்யாணம் பேசப் போன இடத்தில், மாப்பிள்ளை தன் நிழலை இன்னும் போடாமல் வைத்திருக்கிறாரா என்று பெண் வீட்டில் கேட்டார்கள். ரேடியோ செட்டுக்காரர் பேட்டரியைக் கேட்டு வந்தவர், தன் நிழலைக் கிணற்றடியில் போட்டுவிட்டு, பேட்டரி கொஞ்ச நாள் இங்கேயே கிடக்கட்டும் என்று போனார்.

பஸ் நிற்கிற இடத்துக்குத் தெற்குத்தெரு மாசாணம் போட்டார். மூட்டை தூக்கி அகன்ற தோள், கல்தூண் மாதிரி கால். விளக்கை ஒட்டி நின்றதில் நிழல் ரோட்டின் அந்த விளிம்பைத் தொட்டது. ஊரிலேயே பெரிய நிழலும், குளுமையான நிழலும் அதுதான். தெற்குத்தெருக்காரர்களின் நிழல் தங்கள் கிணற்று மேல் விழுந்துவிடக் கூடாது என்று காலையில் அவர்களைச் சுற்றுவழியில் நடக்கவைத்த குடும்பம் பெரியவீடு. அந்தப் பெரியவீட்டு அழகர்சாமி முதல் இரண்டு நாள் பதினொன்றரை பஸ்ஸுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். மூன்றாம் நாள் குடைக் கம்பி சுட்டது. ஒரு செருப்பை மட்டும் நிழலுக்குள் வைத்தார். பஸ் தாமதமானது. இரண்டாவது செருப்பும் உள்ளே போயிற்று. உள்ளே உட்கார்ந்து பீடி பற்றவைத்திருந்த மாசாணம், அதுவரைக்கும் அவரை மொதலாளி என்று கூப்பிட்டவர், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "நல்லா உள்ள வாங்க அண்ணாச்சி, அது யாரையும் கடிக்காது" என்றார்.  பஸ் வந்தபோது அழகர்சாமி உடனே எழுந்திருக்கவில்லை, கண்டக்டர் இரண்டு விசில் கொடுக்க வேண்டியிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் நிழலின் இன்னொரு குணம் தெரியவந்தது. ஒருவருடைய நிழலில் நாழிகைக் கணக்காக உட்கார்ந்தால் அவர் மனசுக்குள் கிடப்பது, ஊறவைத்த அரிசியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி, மெதுவாக உட்கார்ந்தவருக்குள் ஏறியது. மாசாணத்தின் நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் காரணமில்லாமல் அயிரை மீன் குழம்பு ஞாபகம் வந்தது. அழகர்சாமி அன்றைக்கே சந்தையில் அயிரை வாங்கினார். குருவம்மாளின் புருசன் சிடுசிடுவென்ற ஆள். அவன் புஞ்சையில் போட்ட நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு வந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோவம் எல்லாம் தன் மேல் இல்லையாம், செத்துப்போன தங்கச்சியை நினைத்துத்தானாம், இருபது வருசமாக இந்த மனுசன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்றாள். அதிலிருந்து பெண்டுகள் தங்கள் புருசன்மாரைத் தத்தம் புஞ்சைக்கு இழுத்துக்கொண்டு போய் விளக்கு முன் நிறுத்துவது வேகமெடுத்தது. சில வீடுகளில் ஒரு வாரம் சண்டை நடந்தது. பல வீடுகளில் சண்டை ஓய்ந்தது. மிளகாய் பறிக்கும் நேரத்தில் காடு முழுக்க ஆங்காங்கே கறுப்புக் கறுப்பாக ஆம்பிளைகள் படுத்துக் கிடக்க, அவர்களின் நெஞ்சுப் பக்கமாக உட்கார்ந்து பெண்டுகள் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள்.

ஆவுடைத்தாயின் மிளகாய்ப் புஞ்சை மட்டும் வெறும் வெயிலாகக் கிடந்தது.

தன்னுடைய நிழலை அவள் முதல் வாரத்திலேயே போட்டுவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் மாமனார் நிற்கிற இடம் பொட்டல். இத்தனை நாளும் டயர் வெடிக்குமே, இருக்கை தகரம் கொதிக்குமே என்று வெயிலுமுத்து சாக்கை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நீ அங்கே போட்டுவிடேன் என்று அவர் சொன்னதும் ஆவுடை மறுபேச்சுப் பேசாமல் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு போய் நின்றாள். அதன் பிறகு அவர் பகல் சாப்பாட்டுக்கு வந்தால் மாமனாருக்குப் பக்கத்தில், ஆவுடையின் நிழலில்தான் கட்டிலைப் போட்டுப் படுத்தார். அவள் கேட்டாள். நம்ம புஞ்சையில் உங்களுடையதைப் போடுங்கள், எல்லார் புஞ்சையிலும் கிடக்கிறது, நான் மட்டும் வரப்பில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தின்கிறேன் என்றாள். அவர், உனக்குத்தானே, எப்ப வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றார். நாளைக்கு என்றார். மேற்குத் தெருவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். நான் இறங்கினால் மாமனார் அணைந்துவிடுவாரே, யார் ஆக்சிலேட்டரைப் பிடிப்பது என்றார். நான் பிடிக்கிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்குத் துணியை நனைக்கப் போனார். இப்படியே ஊரில் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு நிழல் விழுந்தது. விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆளுக்கு மட்டும் விழவில்லை.

சித்திரை பிறந்து ஐந்தாம் நாள், டவுனிலிருந்து ஆட்டோ எலக்ட்ரிசியன் செய்யது பாய் தன் டி.வி.எஸ். வண்டியில் வந்தார். பழைய வண்டி வயரிங்கில் அவர் கை வைத்தால் எரியும் என்று பேர். ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று மதுரையில் சொல்லிவைத்திருப்பதாகச் சொல்லத்தான் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். இக்னிஷன் காயிலைத் தொட முடியவில்லை, தோசைக்கல்லாக இருந்தது. வயர்களின் தோல் உருகிச் சிரங்கு மாதிரி நின்றது. கல்யாண வீட்டுப் பந்திச் சாப்பாட்டைப் பச்சைப் பிள்ளை வாயில் திணித்திருக்கிறீர்கள் அண்ணே என்றார். இந்த பல்பு எரிய ஆரம்பித்த அன்றைக்கே போயிருக்க வேண்டும், இத்தனை நாள் எப்படி நின்றது என்று அல்லாவுக்குத்தான் தெரியும், இனி ஒரு தடவை நிற்கும், மிஞ்சிப்போனால் இரண்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டால் வண்டியாவது மிஞ்சும் என்றார். ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிழல் போடாதவர் யார் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தார்கள், எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. எல்லாருமாகத் திரும்பி வெயிலுமுத்துவைப் பார்த்தார்கள். அவர் திருப்புளியைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு, ஆவுடையின் நிழலில் கட்டிலில் உட்கார்ந்து செய்யது பாய் டீ குடித்தார். வெயிலுமுத்து எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். செய்யது பாய்க்கு அந்த நிழலில் உட்கார உட்கார ஆவுடையின் மனசு உள்ளே ஏற ஆரம்பித்ததாம். சிவகாசியில் வாக்கப்பட்டிருக்கிற ஒரு மகளின் காது வலி, பருத்தி விலை, சட்டியில் பிடித்துப்போன ஒரு குழம்பு, ஒரு நீலச் சேலை, அதற்கெல்லாம் அடியில் ஒரு ஆம்பிளை எந்நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டு டிராக்டரைத் துடைப்பது, எல்லாம் ஒன்று மேல் ஒன்றாக ஏறியதாம். பாதி டீயை வைத்துவிட்டு, இந்த அம்மாவுக்கு ஒரு நிழல் போட்டுக் கொடுக்காமல் என்னத்தை யோசிக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோதுதான் வெயிலுமுத்து வாய் திறந்தார்.

"நானும் ஒரு மாசமா இதுலதான் படுத்துக் கெடக்கேன், பாய். எவ்வளவு இருக்கு பாத்தீங்களா அவகிட்ட. எழுந்திரிக்கவே முடியல." கொஞ்ச நேரம் கைரேகையில் இருந்த கிரீஸைச் சுரண்டினார். "அவ என் நெழல்ல வந்து உக்காந்து, பொழுதெல்லாம் உக்காந்து பாத்து, உள்ள ஒண்ணுமே இல்லன்னு எந்திரிச்சுட்டான்னா நான் என்ன செய்ய."

செய்யது பாய் சொன்னது என்னவென்றால், அண்ணே, நான் பேட்டரி பாக்குறவன், உள்ள இருக்கா இல்லையான்னு மாட்டிப் பாத்தாத்தான் தெரியும். அதைச் சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஆவுடைத்தாய் அன்றைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமனார் மிளகாய்ப் புஞ்சைக்குப் போகும் பாதையில் இறங்குவதைப் பார்த்து நாங்கள் அத்தனை பேரும் போட்டது போட்டபடி வரப்புக்கு வந்துவிட்டோம். வெயிலுமுத்து வண்டியைப் புஞ்சையின் கிழக்கு ஓரத்தில் நிறுத்தினார். பறித்துக்கொண்டிருந்த ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இருக்கையில் நகர்ந்து, ஒரு பாதி இடம் விட்டு, கூப்பிடாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மிளகாய்க் காரம் கண்ணில் படாமல் புறங்கையால் வேர்வையை வழித்துக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். முப்பத்தோரு வருசத்தில் முதல் தடவையாக. ஆக்சிலேட்டர் மேல் இருந்த அவர் கைமேல் அவள் கையை வைத்தாள். அவர் தன் கையை அடியிலிருந்து உருவிக்கொண்டார். மாமனார் ஒரு தடவை இருமினார், அணையவில்லை. வரப்பில் நின்ற குருவம்மாள், மருமகள் கைக்கு மாமனார் அடங்கிட்டாரே என்றாள், எல்லாரும் சிரித்தோம். வெயிலுமுத்து இறங்கி, சட்டைப் பொத்தானைப் போட்டு, தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, போட்டோ பிடிக்க நிற்கிறவர் மாதிரி விளக்கு முன்னால் போய் நின்றார்.

சுவிட்சை எப்படித் தட்டுவது என்று அவர் சொல்லிக் கொடுத்தார். தட்டுவதற்கு முன்னால் அவள் அவரை நிறுத்திவைத்து இடம் பார்த்தாள், அதுதான் நேரமாகிவிட்டது. அங்கே விழுந்தால் பாத்தியில் தண்ணீர் பாயும்போது நனையும் என்றாள், இந்தப் பக்கம் கொஞ்சம் வாங்க என்றாள், அவ்வளவு இல்லை, தலை வரப்புக்கு அந்தாண்டை அடுத்தவன் புஞ்சைக்குப் போய்விடக் கூடாது, தலை எனக்கு வேண்டும் என்றாள். அவர் நகர்ந்து நகர்ந்து நின்றார். காயில் புகைய ஆரம்பித்ததை நாங்கள் பார்த்தோம், சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சுவிட்சைத் தட்டினாள். விளக்கு வெள்ளையாகி, வெள்ளைக்கும் மேலே ஒரு நிறமாகி, அவர் நரைமயிர் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போல எரிந்தது. அவர் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சத்தில் அவருக்கு அவள் தெரிந்திருக்க முடியாது. பிறகு பேன் குத்துகிற அளவுக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பல்பு போயிற்று, காயில் போயிற்று, மாமனார் நடுப்புஞ்சையில் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் வெயில் பளிச்சென்று கிடந்தது. அவருக்குப் பின்னால் ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

வெயிலுமுத்து குனிந்து மண்ணைக் கையால் தடவிப் பார்த்தார், எங்கேயாவது ஒரு ஓரம் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று. இங்கே தொட்டார், அங்கே தொட்டார். ஆவுடை இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இறங்கி வந்து, அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "விடுங்க, பறிச்சது வாடுது" என்று சொல்லிவிட்டு விட்ட செடி வரிசைக்குத் திரும்பினாள். மாசாணமும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து மாமனாரைத் தள்ளிக்கொண்டு வந்து ஆவுடையின் நிழலில் நிறுத்தினார்கள். செய்யது பாய் இரண்டு நாள் கழித்து ஆறு வோல்ட் பேட்டரியோடு வந்து, காயில் மாற்றி, பல்பு மாற்றினார். மாமனார் பழையபடி ஆயிரம் உபசாரம் கேட்டு எழுந்தார், இடது விளக்கு பூசணிப் பூ மாதிரி மங்கலாக எரிந்தது. குருவம்மாளின் பேரனை அதன் முன்னால் நிறுத்திப் பார்த்தோம். அவன் நிழல் அவனோடேயே ஓடிப்போயிற்று.

பல்பு போன மறுநாள் உச்சிப்பொழுதில் ஆவுடை தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனபோது, வெயிலுமுத்து அங்கே வந்து நின்றார். துண்டு இல்லை, செருப்பு இல்லை. வந்தவர் தெற்கே பார்த்து, கையை அகட்டி வைத்துக்கொண்டு நின்றார். எதற்கு நிற்கிறார் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் அவர் காலடியைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், சிரிப்பை வாய்க்குள் மடக்கினாள்.

"இப்ப வந்து நின்னா உங்க நெழலு உங்க பாதத்துக்கு அடியிலதான் கெடக்கும். அதுல கோழிக்குஞ்சுகூட நிக்காது," என்றாள். "மூணு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் நான் பசி பொறுத்துக்கிடுவேன்."

மூன்று மணிக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மேற்கே இறங்கும் சூரியனுக்கு முதுகைக் கொடுத்து அவர் நிற்க, கிழக்கே நீண்ட நிழலுக்குள், நெஞ்சுக்கு நேராக ஆவுடை உட்கார்ந்து சாப்பிட்டாள். அது வெறும் நிழல், சாதாரண மனுச நிழல். அதில் உட்கார்ந்தால் எதுவும் ஏறாது, அவர் கொஞ்சம் அசைந்தாலும் வெயில் அடிக்கும். முதல் நாலைந்து நாள் கம்பம் மாதிரி நின்றார். ஏதாவது சொல்லுங்களேன், மாமனார்கிட்ட மட்டும் சொல்றீங்க என்று அவள் கேட்டதாகப் பக்கத்துப் புஞ்சையில் பறித்த குருவம்மாள் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கால் சுடுகிறது என்றாராம். அதுதான் முதல் பேச்சு. அடுத்த வாரத்தில் தூரத்திலிருந்து பார்த்தாலே அவர் கை அசைவது தெரிந்தது. அவர் அப்பாவைப் பற்றி ஏதோ, மகள் பிறந்த அன்றைக்குப் பெய்த மழையைப் பற்றி ஏதோ, காற்று எங்கள் பக்கம் அடித்தால் ஒன்றிரண்டு வார்த்தை வந்தது, மற்றதெல்லாம் அவளுக்கு.

ஊர் நிழல்கள் அந்த வருசம் ஆனி வரை தாங்கின. நீலம் போட்ட வேட்டி வெளுக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஆடிக் காற்று தொடங்கியதும் புழுதியோடு புழுதியாகக் கிளம்பிப் போய்விட்டன. பஸ் நிற்கிற இடத்தில் வெயில் திரும்ப வந்த அன்றைக்கு அழகர்சாமி குடையை விரித்தார், மாசாணம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், குடை பெரிய குடைதான். மிளகாய் முடிந்து, பருத்தி முடிந்து, காய்ந்த செடியை, பருத்திமாரைப் பிடுங்குகிற வேலைக்கு ஆவுடை போய்க்கொண்டிருந்தாள். காடெல்லாம் மொட்டையாக, காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களிலும், மூன்று மணி பஸ்ஸில் வருகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்போம். வேட்டி படபடக்க அவர் நின்றுகொண்டிருப்பார், வாய் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும், காலடியில் அவள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சட்டியில் இருப்பது ஒரு கைப்பிடிப் பழைய சோறும் ஒரு வெங்காயமும். அவ்வளவு சோற்றை அவ்வளவு நேரம் ஒருத்தி தின்று நாங்கள் பார்த்ததில்லை.